தீவில் எந்தக் கிழமை தண்ணீர் வரும்?

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
12 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய ரூபினி மேடம் அவர்களுக்கு,

என் பெயர் வள்ளியம்மா. என் மகன் பிரகாஷின் நண்பன் போன வருடம் கல்யாணம் ஆனதும் அந்தமானில் உங்கள் நீல் தீவு விடுதியில் தங்கிவிட்டு வந்தான். விடுதி நடத்தும் அம்மா தமிழ்தான் என்று சொல்லி உங்கள் கார்டைக் கொடுத்தான். கார்டில் போன் நம்பர் இருக்கும்போது இவள் ஏன் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு ஒற்றை அறை. நான் போனில் பேசினால் சந்து முழுக்கக் கேட்கும், சந்துக்குக் கேட்டால் என் வீட்டுக்காரருக்கும் கேட்கும். இந்த விஷயம் அவருக்கு இப்போது தெரியக்கூடாது.

அவர் பெயர் ஜெயராமன். குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். விடியும் முன்பே நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு சந்துக்கும் வால்வைத் திறந்து மூடிவிட்டு வருவார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சாவியை ஒப்படைத்துவிட்டார், வேலையை ஒப்படைக்கவில்லை. புதிதாக வந்த நாகேஷுக்குப் பழைய லைன்கள் இன்னும் பிடிபடவில்லை என்று தினமும் கூடவே போகிறார். தண்ணீர் வர ஐந்து நிமிடம் தாமதமானால், "அண்ணா, நீரு யாவாக பருத்தே?" என்று, எப்போது தண்ணீர் வரும் எனச் சந்து முழுக்கக் கன்னடத்தில் கேட்பதும் இவரைத்தான்.

திருப்பதிக்கு ஒரு முறை, கொடைக்கானலுக்கு இரண்டு முறை பெட்டி கட்டினேன். மூன்று முறையும் எங்காவது குழாய் உடைந்தது, பெட்டியைப் பிரித்தேன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் ஒரு நாள் முழுதாக அவர் என்னோடு இருந்ததில்லை. கடலைத் தாண்டிவிட்டால் குழாய் உடைந்தாலும் ஓடிவர முடியாது பாருங்கள். தீவு என்று நான் முடிவு செய்ததே அதற்காகத்தான்.

எனக்கு அறுபத்தொரு வயது, முட்டி வலி. படியேறாத அறை கிடைக்குமா? படகில் எவ்வளவு நேரம்? நான் கடலையே பார்த்ததில்லை. ஆனால் இருபது வருடம் கார்மென்ட்ஸில், வெளிநாட்டுக்காரர்கள் கடலில் குளிக்கப் போடும் அரைக்கால் சட்டைகளுக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். அந்த எலாஸ்டிக் உப்புத் தண்ணீரில் தாங்குகிறதா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முக்கியமானதை விட்டுவிட்டேன். உங்கள் தீவில் எந்தெந்தக் கிழமை தண்ணீர் வரும்? அதைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். மடக்குகிற கேன் இரண்டு நானே கொண்டுவந்துவிடுவேன்.

பதிலை எதிர்வீட்டு லட்சுமம்மா முகவரிக்குப் போடுங்கள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் பயமில்லை.

இப்படிக்கு,
ஜெ. வள்ளியம்மா


நீல் தீவு
2 செப்டம்பர் 2024

அன்புள்ள வள்ளியம்மா அக்காவுக்கு,

என்னை மேடம் என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, கடிதத்தை வேறு யாருக்கோ என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு நாற்பத்தேழு வயதுதான். நீ, வா, போ என்றே எழுதுங்கள். அப்பா இராமநாதபுரத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது போர்ட் பிளேரில், வாழ்க்கைப்பட்டது இங்கே. இந்தத் தீவுகளை விட்டு வெளியே போனதே இல்லை.

அறையைப் பற்றி விருந்தாளிகள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குக் கிழமை கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், தண்ணீரின் கிழமையை வைத்து நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் வேறு எதைக் கேட்பார் என்று தோன்றியது. இங்கே கிழமை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கூரைத் தண்ணீர் சேரும் தொட்டி ஒன்று. கேனைக் கொண்டுவர வேண்டாம்.

திட்டத்தைச் சொல்கிறேன். எல்லோரும் ஐந்து நாளில் மூன்று தீவு பார்க்கிறேன் என்று ஓடுகிறார்கள், ஊருக்குப் போய் ஒரு வாரம் படுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஒரே தீவு போதும். ஜனவரியில் வாருங்கள், கடல் அடங்கியிருக்கும். விமானத்தில் வந்த அன்று போர்ட் பிளேரில் தூங்குங்கள். மறுநாள் காலைப் படகு, இரண்டு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். கீழ் அறையைத் தருகிறேன். கதவைத் திறந்தால் மணல், ஒரு படிகூடக் கிடையாது. அடியில் கண்ணாடி போட்ட படகு இருக்கிறது, கால் நனையாமல் மீன் பார்க்கலாம். இதற்கு மேல் ஒரு வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எலாஸ்டிக்குக்கு வருவோம். போன மாதம் ஒருவருடைய அரைக்கால் சட்டையை அலை கழற்றிக்கொண்டு போய்விட்டது. அது நீங்கள் தைத்ததாக இருக்காது என்று அவரிடம் சொல்ல முடியவில்லை, அப்போது உங்களைத் தெரியாது.

இப்போது என் கேள்வி. நான் ரயிலைப் பார்த்ததில்லை, இங்கே ரயிலே கிடையாது. பக்கத்தில் ரயில் போனால் வீடு ஆடுமா?

அன்புடன்,
ரூபினி


ஸ்ரீராம்புரம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள ரூபினிக்கு,

உன் கடிதத்தை லட்சுமம்மா முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். "இந்த வயசுல யாருக்கா உனக்கு லெட்டர் போடுறது?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டுகிறாள். சொல்லவில்லை. கொஞ்சம் நினைத்துக்கொண்டு போகட்டும்.

எங்கள் சந்துக்குப் பின்னாலேயே ரயில் பாதை. வீடு ஆடாது, ஆனால் கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மெயின் ரோட்டில் தலைக்கு மேலே மெட்ரோ போகிறது. அது பணக்கார வீட்டு மருமகள் மாதிரி சத்தமில்லாமல் வந்து போகும்.

ஜனவரி என்று நினைத்திருக்கிறேன். ஆறு நாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகம் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அவர் விடியற்காலையில் போகும்போது என்னை எழுப்பமாட்டார். விளக்குப் போடமாட்டார். இருட்டிலேயே சட்டையைத் தேடி எடுத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்த்தான் காலில் மாட்டுவார். என் தூக்கம் கெடக்கூடாதாம். ஆனால் அவர் எழுந்ததுமே எனக்கு விழிப்பு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, செருப்புச் சத்தம் சந்துமுனை வரை போவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். கல்யாணமான புதிதில், எழுப்பினால் ஒரு டீ போட்டுத் தருவேனே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்கிற காலம் போய்விட்டது. நாற்பது வருடம் தூங்குவதுபோல நடித்தவள் இப்போது போய், நான் விழித்துத்தான் இருந்தேன் என்றால் நன்றாகவா இருக்கும்?

ஆறு நாள் வேலை இல்லை, போன் இல்லை என்றால் இரண்டு பேரும் என்ன பேசுவோம்? பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று அங்கே வந்து தெரிந்தால்? எனக்கு அதுதான் பயம். படகுப் பயணம் அல்ல.

சுற்றிலும் உப்பு இருக்கும்போது உன் கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர் இருக்கிறது? வால்வுக்காரர் பெண்டாட்டிக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வள்ளியம்மா


நீல் தீவு
11 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கிணறு. கடலிலிருந்து நூறு அடி தூரம்கூட இருக்காது. இருந்தாலும் தண்ணீர் இளநீர் மாதிரி. ஒருமுறை இங்கே வந்த அதிகாரி விளக்கினார். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேலே படுத்துக்கொள்கிறதாம். மேலே இருப்பதை அளவாக எடுத்தால் அது பாட்டுக்குக் கிடைக்கும். பேராசைப்பட்டு மோட்டாரை ஓடவிட்டால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். மார்ச் பாதியில் வாயில் வைத்தாலே லேசாகக் கரிக்கும். அதனால்தான் ஜனவரி என்றேன். வட்ட வட்டமாக உறை இறக்கிக் கட்டிய பழைய கிணறு, என் மாமனார் காலத்தது. நான் தினமும் விளிம்பிலிருந்து கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடுவேன்.

மதியத்துக்குச் சோறும் மீன் குழம்பும், இரவுக்குத் தோசை. வேறு ஏதாவது வேண்டுமென்றால் முன்பே எழுதுங்கள், சாமான் படகில்தான் வர வேண்டும்.

மற்றதைத் தனித்தாளில் எழுதுகிறேன். இது இரண்டாம் பக்கம், உங்களுக்கு மட்டும்.

அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவதையும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதையும் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எழுப்பாதவர்மேல் பாதி, எழுந்திருக்காதவர்மேல் பாதி. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த நான்கு நாளும் சண்டை போடுவோம், ஆனால் ஒருவரையொருவர் எழுப்பிவைத்துச் சண்டை போடுவோம். ஆறு நாள் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நாற்பது வருடமாக விழித்திருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மிச்சம் ஐந்து நாளுக்கு அதுவே காணும்.

ரூபினி


ஸ்ரீராம்புரம்
2 நவம்பர் 2024

ரூபினிக்கு,

எல்லாம் கெட்டுப்போயிற்று. லட்சுமம்மா பிரசவம் பார்க்க மகள் வீட்டுக்கு அத்திபெலே போயிருந்தாள். பூட்டின வீட்டைப் பார்த்த தபால்காரர், கடிதத்தின்மேல் என் பெயரும் இருக்கவே, சந்துமுனையில் நின்றிருந்த இவர் கையில் கொடுத்துவிட்டார். அதை வால்வு மூடியின்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ரகசியமாக ஏன் எழுதினாய் என்று கத்துவார் என்று நினைத்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அந்தக் கெணத்துல எத்தன உறை எறக்கியிருக்காங்கன்னு எழுதலியே?" என்றார்.

"திருட்டுத்தனமா டூர் போட்ட பொண்டாட்டிகிட்ட இதுவா கேக்கறது?" என்றேன்.

"டூர்தானே, போலாம். நாகேஷ் பாத்துப்பான். நீ மொதல்ல உறையக் கேட்டு எழுது."

அவ்வளவுதான். நாற்பது வருடம் நான் கூப்பிட்டு வராதவர், கிணறு கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். எதை விட்டுவிட்டு வரட்டும் என்று கடல் தாண்டப் பார்த்தேனோ, அதையே பார்க்க அங்கே வருகிறார். எனக்கு எப்படி இருக்கும் சொல்.

அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. தாள்கள் இரண்டையும் ஒன்றாக மடித்துக் கொடுத்தார். கிணறு முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் படித்தாரா இல்லையா? அவர் செய்தித்தாளையே பாதியில் மடித்து வைக்கிறவர். முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. படிக்கவில்லை என்றால் நானே காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

அறையை ரத்து செய்துவிடு. இல்லையென்றால் எனக்கும் லட்சுமம்மாவுக்கும் போடு.

வள்ளியம்மா


நீல் தீவு
21 நவம்பர் 2024

அக்காவுக்கு,

ரத்து செய்யவில்லை. லட்சுமம்மாவுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும், அவள் எங்கே வரப்போகிறாள்.

தனித்தாளில் எழுதினால் ரகசியம் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். மன்னித்துவிடுங்கள். அதற்குப் பரிகாரமாகக் கிணற்றைப் பலகை போட்டு மூடி, பலகைமேல் அம்மியைத் தூக்கி வைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் இரண்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கியது. மோட்டாருக்குத் தனிக்குழாய் இருப்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை. எத்தனை உறை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நீங்கள் இருக்கும் ஆறு நாளும் வாயைத் திறக்கமாட்டேன்.

அவர் படித்தாரா இல்லையா என்று எனக்கும் மண்டை குடைகிறது. படித்த ஆம்பளை முகமும் படிக்காத ஆம்பளை முகமும் ஒன்றாகவா இருக்கும்? படகுத்துறையில் இறங்கும்போது நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்காகவாவது அவரைக் கூட்டி வாருங்கள்.

ரூபினி


ஸ்ரீராம்புரம்
30 டிசம்பர் 2024

ரூபினிக்கு,

ஜனவரி 16 காலைப் படகு. பிரகாஷ் எல்லா டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

பத்து நாளாக இவர் தரையில் உட்கார்ந்து, பழைய லைன்கள் எங்கே போகின்றன, எந்த வால்வு எத்தனை சுற்று என்று நாகேஷுக்காகப் படம் வரைந்துகொண்டிருக்கிறார். இதுவரை அதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நேற்று நாகேஷிடம் கொடுத்துவிட்டு, "நான் ஒரு வாரம் போன் எடுக்க மாட்டேன்" என்றார். எனக்குக் கேட்டது சரிதானா என்று லட்சுமம்மாவிடம் விசாரித்தேன்.

இரண்டாம் பக்கம் பற்றி இன்னும் பேச்சில்லை.

வள்ளியம்மா


நீல் தீவு
30 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வாரம் ஆகிறது. நேரில் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் கடிதத்தில் கேட்கிறேன், நமக்கு இதுதான் வசதி.

படகுத்துறையில் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கிணறு எங்கே என்றுதான் முதல் வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். "இவங்களுக்கு ஒரு நாற்காலி வேணும்மா, படகுல தல சுத்திடுச்சு" என்றார். கிணற்றை மறைக்க எனக்கு நாக்கில் தயாராக இருந்த பொய் வீணாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நடந்ததை நான் மறக்கமாட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறதே என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து வாளி, அண்டா, குடம், என் சமையலறைப் பாத்திரம் வரைக்கும் பிடித்து வைத்தீர்கள். தொட்டி காலி. மாடி அறைப் பையன் உடம்பெல்லாம் சோப்போடு பால்கனியில் நின்று கத்தினான். உங்கள் வீட்டுக்காரர் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். "நாப்பது வருசத்துல இப்பிடி ஒரு வீட்டுத் தண்ணிய நான் நிறுத்தினதில்ல" என்று அவர் சொன்னபோது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

இதெல்லாம் சரி. மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் அடுப்படி ஜன்னலைத் திறந்தால், மணலில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர். அன்றிலிருந்து ஆறு நாளும் அப்படியே. அவர் கிணற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கடைசி நாள் எனக்கே பொறுக்காமல் அம்மியைத் தள்ளச் சொல்லிப் பலகையை எடுத்துக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உறையை எண்ணவே இல்லை. அந்த முதல் நாள் காலையில் என்ன நடந்தது?

நீங்கள் போன பிறகு அறையைத் திறந்தேன். வாளி, மக், இரண்டு டம்ளர், பூ வைக்கிற ஜாடி எல்லாம் விளிம்பு வரை தண்ணீர். எனக்காக என்று புரிந்தது. அதைக் கொட்ட மனமில்லாமல் இரண்டு நாள் அதிலேயே குளித்தேன்.

ரூபினி


ஸ்ரீராம்புரம்
15 பிப்ரவரி 2025

என் ரூபினிக்கு,

கேட்டதைச் சொல்கிறேன். அன்று காலை அவர் எழுந்தது தெரிந்தது. பழக்க தோஷம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சட்டையைத் தேடினார். செருப்பைக் கையில் எடுத்தார். கதவு வரை போன காலடி நின்றுவிட்டது. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். அப்புறம், "நடிச்சது போதும் வள்ளி, எந்திரு" என்றார்.

எழுந்து வெளியே போனோம். முதல் நாள் மதியம் கதவுக்குக் கிட்டே இருந்த கடலைக் காணவில்லை. பாறையும் சேறுமாகத் தெரு நீளத்துக்குக் காலியாகக் கிடந்தது. இவர் அப்படியே நின்றுவிட்டார். "யாரோ மூடிட்டாங்க" என்றார். நீ அடுப்படியிலிருந்து பார்த்தபோது நாங்கள் அது திரும்பி வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. யாரும் சாவி போடாமல், ஒவ்வொரு குழியாக நிரப்பிக்கொண்டு வந்தது. தினமும் போய்ப் போய்ப் பார்த்து வாட்சில் நேரம் குறித்தார். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகிறதாம். "நம்ம சந்துல இப்பிடி வுட்டா சும்மா இருப்பாங்களா?" என்று கேட்டார்.

முதல் நாள் அந்தத் தண்ணீர் கால் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. "ரெண்டாம் பக்கத்தப் படிச்சீங்களா?" என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதத்தான் ரெண்டு வாட்டி படிச்சேன். கை கால் ஓடல. வூட்டுக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்தா என்ன கேக்கறதுன்னே தெரியல. அதான் கெணத்தக் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, ரூபினி. மூன்று மாதம் ஒரு கிணற்றின்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அழுது முடிக்கிறவரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, தினமும் காலையில் படுத்திருக்கும்போது உன் காதில் என்னென்ன விழும் என்றார். செருப்புச் சத்தம், சந்துமுனையில் இருமுவது, சாவி கல்லில் இடிப்பது, கொஞ்ச நேரத்தில் முதல் வீட்டுக் குடத்தில் தண்ணீர் விழுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் வேலையை நான் காதால் பார்த்திருக்கிறேன் என்று அவருக்கு அதுவரை தெரியாது. நீ சொன்னதுபோல் மிச்ச நாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்களுக்கு நேரம்தான் போதவில்லை.

கண்ணாடிப் படகில் அரைக்கால் சட்டையோடு ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? தையலைப் பார்த்தேன், எங்கள் கம்பெனிதான். அவர் தண்ணீரில் குதித்துவிட்டு ஏறும்வரை எனக்கு உயிரில்லை. தாங்கியது.

மே மாதம் உன் வீட்டுக்காரருக்கு விடுமுறை என்றாயே, கூட்டிக்கொண்டு வா. கூட்ஸ் வண்டி போகும்போது டம்ளர் பேசுவதைக் கேட்கலாம். தண்ணீர் வரும் கிழமையை முன்கூட்டியே எழுதுகிறேன்.

நாகேஷுக்கு அந்தப் படமே போதுமாக இருக்கிறது. இவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் போகிறார். போகிற அன்று விளக்கைப் போட்டு, "டீ?" என்று என்னைத் தட்டுகிறார். அந்த நேரத்தில் எழுந்து டீ போடுவது எவ்வளவு சள்ளை என்று நாற்பது வருடம் எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. முனகிக்கொண்டே போட்டுக் கொடுக்கிறேன். குடித்துவிட்டு, செருப்பை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, சத்தமாக நடந்து போகிறார்.

உன்,
வள்ளியம்மா அக்கா